நேரம் காத்த வணிகர் டி.வி. சுந்தரம் ஐயங்கார்

மதுரையிலிருந்து மேலூர், கருங்காலக்குடி, கொட்டாம்பட்டி வழியாகத் திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் நெடுஞ்சாலை, சமணச் சுவடுகள் செறிந்த நிலத்தின் ஊடே செல்கிறது. கருங்காலக்குடிக் குன்றில் துறவியர் துயின்ற கற்படுக்கைகளும் தீர்த்தங்கரர் திருவுருவமும் இன்றும் உள்ளன. சற்றுத் தள்ளி அழகர்மலைக் குகைத்தளத்தில், உப்பும் வெல்லப்பாகும் துணியும் கலப்பைக்கொழுவும் விற்ற மதுரை வணிகர்களின் பெயர்கள், ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழ் எழுத்துகளில் கொடையாளர் பெயர்களாகப் பொறிக்கப்பட்டுள்ளன. சமண அறத்தை இம்மண்ணில் தாங்கியவர்களுள் வணிகர்க்குப் பெரும்பங்கு உண்டு என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

இல்லறத்தார்க்குரிய கள்ளாமை விரதத்திற்கு நேரும் குற்றங்கள் ஐந்தெனத் தத்துவார்த்த சூத்திரம் வகுத்துள்ளது. குறைந்த அளவால் கொடுத்து மிகுந்த அளவால் கொள்வதும், நல்ல பொருளைக் காட்டிப் போலியை விற்பதும் அவற்றுள் அடங்கும். அளவு என்றவுடன் நம் நினைவிற்கு வருவன படியும் துலாக்கோலுமே. காலமும் ஓர் அளவுதான். மணி ஆறுக்கு வண்டி என்று சொல்லி ஏழுக்குப் புறப்பட வைப்பவர், பயணியிடமிருந்து ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொண்டவரே ஆவார். வைணவராகிய டி.வி. சுந்தரம் ஐயங்காரின் வரலாறு நம் மலரில் இடம்பெறுவதற்கு இக்கருத்தே காரணம்.

அவர் 1877ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் நாள் நெல்லைச் சீமையின் திருக்குறுங்குடியில் பிறந்தார். தந்தையார் விரும்பியவாறு வழக்கறிஞராகத் தொடங்கி, பின்னர் ரயில்வேயிலும் வங்கியிலும் பணியாற்றினார். மாதச் சம்பளம் தரும் பாதுகாப்பை விட்டு அவர் வெளியேறியபோது வயது முப்பதைக் கடந்திருந்தது. 1911இல் தம் நிறுவனத்தைத் தோற்றுவித்து, 1912இல் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பேருந்து விடத் தொடங்கினார். பின்னர் மதுரையே அவர்தம் தொழிலின் தலைமையிடமாயிற்று.

அக்காலச் சாலைகள் மாட்டுவண்டிகளுக்கு உரியவை. மாடுகளின் குளம்பில் அடித்த லாடங்கள் தேய்ந்து கழலும்போது ஆணிகள் சாலையெங்கும் சிதறும். அவை பேருந்தின் டயரைத் துளைக்க, வண்டி நடுவழியில் நின்றுவிடும். சாலைகளில் காந்தம் பொருத்திய வண்டியொன்றை முன்னே செலுத்தி, ஆணிகளைப் பொறுக்கியெடுக்கச் செய்தார் ஐயங்கார் என்று மதுரைப் பெரியவர்கள் இன்றும் சொல்வதுண்டு. வண்டிக்காரரோடு வழக்காடுவதோ, மாட்டுவண்டியைச் சாலையிலிருந்து விலக்கக் கோருவதோ வேறொருவர்க்கு எளிய வழியாகத் தோன்றியிருக்கும். எவர் பிழைப்பிற்கும் ஊறு செய்யாமல் இடையூற்றை மட்டும் நீக்கிய இம்முறை என் உள்ளத்தைப் பெரிதும் கவர்கிறது. டி.வி.எஸ். பேருந்து கடந்து செல்வதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொண்ட ஊர்களைப் பற்றிய பேச்சும் அப்பெரியவர்களிடையே உண்டு.

நேரம் தவறாமை ஓட்டுநரின் விரைவினால் மட்டும் வருவதன்று. உதிரிப்பாகம் கிடைக்காவிடின் வண்டி நிற்கும். பழுது நீக்குவோர் திறமையற்றவராயின் நீக்கிய பழுது மீண்டும் வரும். ஆதலால் வண்டி விற்பனை, உதிரிப்பாக வணிகம், பழுது நீக்கும் பணிமனை என அவர்தம் தொழில் கிளைத்தது. ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளின் விற்பனையாளராக அவர் நிறுவனம் சிறந்து விளங்கியது. சுந்தரம் மோட்டார்ஸ், மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ் ஆகியவை இவ்வாறு தோன்றின. ஆசையினால் பல தொழில் தொடங்கிச் சிதறியவர்கள் நம் கடைவீதிகளிலேயே உண்டு. ஐயங்காரின் கிளைத்தொழில்களோ ஒவ்வொன்றும் முந்தைய தொழிலில் எழுந்த ஒரு குறைக்கு விடையாகவே எனக்குத் தோன்றுகின்றன.

இரண்டாம் உலகப்போர் இவ்வியல்பைக் கடுமையாகச் சோதித்தது. பெட்ரோல் பங்கீட்டிற்கு உட்பட்டது. 1942இல் மலேயா ஜப்பானியர் வசமாகவே ரப்பரும் அரிதாயிற்று. பேருந்து முதலாளிகள் பலர் கையைப் பிசைந்து நின்ற அந்நாளில், டி.வி.எஸ். கேஸ் பிளாண்ட் என்னும் கருவியை அவர் நிறுவனம் உருவாக்கியது. கலத்தில் மரக்கரியை இட்டு, காற்றைக் குறைவாகச் செலுத்தி எரித்தால் கரி முழுதும் எரியாமல் எரியக்கூடிய வாயு பிறக்கும். அதைக் குளிர்வித்து, தூசு நீக்கி, காற்றுடன் கலந்து எஞ்சினுக்குள் விட்டால் பெட்ரோலின்றியே வண்டி ஓடும். இதில் குறைகளும் இருந்தன. கரி கனன்று வாயு வரும்வரை காத்திருக்க வேண்டும்; சாம்பலை அள்ள வேண்டும்; மேட்டில் வண்டி திணறும். எனினும் பேருந்து ஓடியது. நோயாளி மருத்துவமனைக்கும் உழவர் சந்தைக்கும் சென்றனர். தேய்ந்த டயருக்குப் புதிய ரப்பர் இட்டு மீண்டும் பயன்படுத்தும் ரீட்ரெடிங் தொழிற்கூடமும் அவர் முயற்சியால் அமைந்தது. வீணென்று எறியத்தக்கதை மறுபடி உழைக்கச் செய்யும் இச்செயலை, மிகைப்பொருள் விரும்பாத நம் மரபினர் எளிதில் பாராட்டுவர்.

இல்லத்திலும் அவர் ஒரு கடினமான வினாவை எதிர்கொண்டார். மகள் சௌந்தரம் இளமையிலேயே கணவரை இழந்தார். கைம்பெண்ணை மூலையில் அமர்த்திய காலத்தில், அவர் தில்லி சென்று மருத்துவம் பயின்றார். பின்னாளில் ஜி. இராமச்சந்திரனை மணந்து, அவருடன் 1947இல் காந்திகிராமத்தை நிறுவியவர் அவரே.

தொழிற்பொறுப்பை மக்களிடம் ஒப்படைத்துவிட்டு, 1955ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் கொடைக்கானலில் சுந்தரம் ஐயங்கார் மறைந்தார். 1972இல் மதுரைப் பகுதிப் பேருந்துகள் அரசுடைமையாகிப் பாண்டியன் போக்குவரத்துக் கழகத்திற்குச் சென்றன. ஆயினும் பழுதின் வேரைத் தேடும் பழக்கம் அக்குடும்ப நிறுவனங்களில் நிலைத்தது. போருக்குப் பிந்தைய ஜப்பானியர்க்குத் தரக்கட்டுப்பாட்டைக் கற்பித்த அமெரிக்கப் புள்ளியியலாளர் டெமிங்கின் பெயரால், அந்நாட்டு அறிவியலாளரும் பொறியாளரும் 1951 முதல் ஒரு விருது வழங்கி வருகின்றனர். வண்டிகளுக்குப் பிரேக் செய்யும் சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் பிரிவு 1998இல் அவ்விருதைப் பெற்றது. இந்திய நிறுவனம் ஒன்றிற்கு அது கிடைத்தது அதுவே முதன்முறை.