சம்பளத் தேதி தவறாத தளபதி

மலருக்குக் கட்டுரை கேட்டு மலர்க் குழு நண்பர் மூன்று தடவை போன் செய்துவிட்டார். ஹாஸ்டல் நினைவுகளை எழுத நம் பேட்ச்சில் என்னைவிடக் கெட்டிக்காரர்கள் உண்டு. நான் இருநூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு தளபதியைப் பற்றி எழுதுகிறேன். மெக்கானிக்கல்காரனுக்கு இது எதுக்கு என்று கேட்காதீர்கள், காரணம் கடைசியில் வரும்.

எனக்கு வேலை ஒரகடத்தில். வாலாஜாபாத் வழியாகக் காஞ்சிபுரம் போய், இன்னும் கொஞ்ச தூரம் போனால் புள்ளலூர். 1780 செப்டம்பர் 10 அன்று ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் கம்பெனிப் படையை அங்கேதான் அடியோடு முறியடித்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பைக்கில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். வந்த பிறகு படித்ததில் கிடைத்தவர்தான் பெனுவா தெ புவாஞ். அவருடைய ரெஜிமெண்டும் அந்தப் படையில் இருந்தது. தானியத்துக்குக் காவலாக வேறு பக்கம் அனுப்பப்பட்டிருந்ததால் மனுஷன் பிழைத்தார்.

1751-இல் சவாய் நாட்டின் ஷாம்பேரி நகரில், தோல் வியாபாரி வீட்டில் பிறந்தவர். 1768-இல் பிரெஞ்சு ராணுவத்தின் ஐரிஷ் ரெஜிமெண்டில் சேர்ந்தார். பிறகு ரஷ்யர்கள் பக்கம் சண்டை போட்டுத் துருக்கியரிடம் கைதியானார். 1778-இல் சென்னைக்கு வந்து கம்பெனிப் படையில் கடைநிலை அதிகாரி ஆனார். முன்னேற வழி தெரியாமல், அதையும் விட்டுவிட்டு வடக்கே போனார்.

அங்கே மராட்டியத் தலைவர் மகாதஜி சிந்தியா அவரை வேலைக்கு எடுத்தார். 1784-இல் ஆரம்பித்தது இரண்டே பட்டாலியனோடு. 1790-இல் பாட்டன், மெர்தா போர்களில் ராஜபுத்திரக் குதிரைப்படைகளை அந்தக் காலாட்படை தோற்கடித்தது. பத்தே வருஷத்தில் அது மூன்று பிரிகேடாக வளர்ந்தது. பீரங்கி வார்க்க ஆக்ராவில் ஃபவுண்டரியும் இருந்தது.

அவர் ஜெயித்ததற்குப் பீரங்கியும் டிரில்லும் மட்டும் காரணமில்லை. அந்தக் காலத்துப் படைகளில் சம்பளம் மாதக்கணக்கில் பாக்கி நிற்கும், சிப்பாய்கள் கலகம் செய்வார்கள். இவர் அலிகார் பகுதியின் வரி வருவாயைப் படைச் செலவுக்கென்றே கேட்டு வாங்கி, மாதாமாதம் சம்பளம் கொடுத்தார். காயம்பட்டவனுக்குக் குணமாகும்வரை முழுச் சம்பளம், கூடவே காயத்துக்குத் தக்க இனாம். ஊனமானவனுக்கு ஆயுள் முழுக்கப் பாதிச் சம்பளமும் நிலமும்.

மகாத்மா என்று சொல்ல வரவில்லை. 1795 கடைசியில் உடல்நலம் கெட்டுப் பெரும் பணத்தோடு கிளம்பியவர், இந்திய மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் இங்கிலாந்துக்கு அழைத்துப் போனார். 1798-இல் அங்கே பதினேழு வயதுப் பிரெஞ்சுப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். முதல் மனைவி ஹெலனா என்ற பெயரோடு ஆங்கிலேய கிராமப்புறத்தில் தனியாக வாழ்ந்து 1853-இல் இறந்தார். நெப்போலியன் ஆட்சியில் பிரான்சோடு சேர்ந்திருந்த ஷாம்பேரிக்குத் திரும்பிய தெ புவாஞ், முதியோர் இல்லத்துக்கும் மனநோயாளிகள் காப்பகத்துக்கும் அள்ளிக் கொடுத்தார். 1830-இல் காலமானார். 1838-இல் அவர் நினைவாக எழுப்பிய யானை நீரூற்று இன்றும் ஊர் நடுவே நிற்கிறது.

அவர் வளர்த்த படையின் முடிவு 1803-இல் வந்தது. அடுத்த தளபதி பெர்ரோன் ஆங்கிலேயரிடம் சரணடைந்தார். ஐரோப்பிய அதிகாரிகள் விலகிய பிறகும், லஸ்வாரியில் அந்தச் சிப்பாய்கள் பீரங்கிகளை விட்டு நகராமல் நின்று செத்தார்கள்.

இப்போது காரணம். முன்பு நான் வேலை பார்த்த ஒரு கம்பெனியில், என் ஷிப்டில், பிரஸ்ஸில் மாட்டி ஒரு கான்ட்ராக்ட் பையனுக்கு இரண்டு விரல் போனது. சாயங்காலத்துக்குள் அவன் இடத்தில் வேறு பையன் நின்றான். நான் ரிப்போர்ட்டில் 'டவுன்டைம் 40 நிமிஷம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவனுக்கு அந்த மாதச் சம்பளம் வந்ததா என்றுகூட விசாரிக்கவில்லை. அவன் ஊர் விழுப்புரம் பக்கம் என்பதற்கு மேல் இன்றைக்கும் எனக்கு எதுவும் தெரியாது.

நம்மில் பலர் இன்று கையெழுத்துப் போடும் நாற்காலியில் இருக்கிறோம். விழா முடிந்து வேலைக்குத் திரும்பியதும், உங்கள் லைனில் அடிபட்டவன் ஒருவனின் பெயரைக் கேட்டு, அவன் இப்போது எங்கே இருக்கிறான் என்று விசாரியுங்கள். நானும் என் பையனைத் தேட ஆரம்பித்திருக்கிறேன்.