காலம் உணர்ந்த கருணையாளர் சுருதகேவலி பத்திரபாகு சுவாமிகள்

வர்த்தமான மகாவீரர் வீடுபேறு எய்திய பின்னர், கௌதமர், சுதர்மர், ஜம்பு சுவாமிகள் ஆகிய மூவரும் முறையே கேவல ஞானம் பெற்றுச் சங்கத்தை நடத்தினர். அவர்களுக்குப் பின் பன்னிரண்டு அங்கங்களையும் பதினான்கு பூர்வங்களையும் முழுமையாக ஓதி உணர்ந்தவர்கள் சுருதகேவலிகள் எனப்பட்டனர். ஜம்பு சுவாமிகளுக்குப் பின் திகம்பரர் கூறும் ஆசிரியர் வரிசை வேறு. சுவேதாம்பரர் கூறும் வரிசை வேறு. பிரிந்து செல்லும் அவ்விரு வரிசைகளும் மீண்டும் ஒரே பெயரில் வந்து கூடுகின்றன. அப்பெயர் பத்திரபாகு என்பதாகும். இரு சாராரும் ஒருங்கே தம்மவர் எனப் போற்றும் அப்பெருந்தகை வருவது உணரும் நிமித்த ஞானத்தில் தலைசிறந்தவர். எனினும் அந்த ஞானத்தை அவர் எதற்குப் பயன்படுத்தினார், எதற்குப் பயன்படுத்த மறுத்தார் என்பதிலேயே அவர்தம் பெருமை அடங்கியுள்ளது.

பிறப்பும் துறவும்

கி.பி. 931-இல் அரிசேனர் இயற்றிய பிருகத்கதாகோசம், பத்திரபாகு வடவங்கத்துப் புண்டரவர்த்தன நாட்டில் அந்தணர் குடியில் பிறந்தார் என்று கூறும். தந்தையார் சோமசர்மர், தாயார் சோமஸ்ரீ. சிறுவர் கூட்டத்தோடு விளையாடும்பொழுது, பதினான்கு விளையாட்டுக் காய்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சரியாமல் அடுக்கி நிறுத்தினார் அச்சிறுவர். அவ்வழியே வந்த நான்காம் சுருதகேவலியாகிய கோவர்த்தனர் அதனைக் கண்டார். பதினான்கு பூர்வங்களையும் தாங்கவல்ல ஐந்தாம் சுருதகேவலி இவனே என்பது அவருக்குப் புலனாயிற்று. பெற்றோரின் இசைவுடன் சிறுவரை அழைத்துச் சென்று கல்வி புகட்டினார். கற்றுத் தேர்ந்த பத்திரபாகு இல்லம் சென்று பெற்றோரிடம் விடைபெற்று, ஆசிரியரிடமே மீண்டு வந்து துறவு பூண்டார். சுவேதாம்பர மரபு அவரை யசோபத்திரரின் மாணாக்கர் என்று உரைக்கும்.

எட்டு வகை நிமித்தம்

பத்திரபாகு வல்லவராய் விளங்கிய கலை அட்டாங்க மகாநிமித்தம் எனப்படும். வானத்துக் கோள்களும் மீன்களும், நிலத்தின் இயல்பு, உடலுறுப்புகள், ஓசை, மச்சமும் மறுவும், உடற்குறிகளாகிய இலக்கணம், கிழிந்தனவும் அறுந்தனவுமாகிய பொருள்கள், கனவு ஆகிய எட்டும் அதன் உறுப்புகள். இக்காலத்தார் சோதிடம் என்று வழங்குவது இவற்றுள் முதலாவதன் ஒரு பகுதியே. சமணரின் வானியல் தனி மரபினது. சூரியப் பிரஞ்ஞப்தி என்னும் ஆகமம் ஐந்தாண்டுகளை ஒரு யுகமாகக் கொண்டு, அபிசித்து முதலாக இருபத்தெட்டு நட்சத்திரங்களை எண்ணுகின்றது.

இத்தகைய கலையைப் போற்றிய சமயமே அதற்கு ஒரு வேலியும் இட்டது. குறி, கனவு, வானிலக்கணம் முதலியவற்றைக் கூறி அதனால் வயிறு வளர்ப்பவர் துறவியாகார் என்று உத்தராத்தியயன சூத்திரத்தின் பதினைந்தாம் அதிகாரம் விலக்குகின்றது. அறிவது குற்றமன்று; அறிந்ததை விற்பதே குற்றம். இந்த வேலிக்குள் நின்றவர் பத்திரபாகு.

இரு உடன்பிறந்தார் கதை

இதனை விளக்க ஒரு பழங்கதை வழங்குகின்றது. மேருதுங்கரும் இராசசேகரரும் 14-ஆம் நூற்றாண்டில் தம் நூல்களில் இதனை எழுதியுள்ளனர். வராகமிகிரர் பத்திரபாகுவின் உடன்பிறந்தவர் என்றும், ஆசாரியப் பதவி கிட்டாமையால் துறவை விட்டு நீங்கிச் சோதிடத் தொழில் மேற்கொண்டார் என்றும் கதை செல்லும். சூரியனே தம்மை அழைத்துச் சென்று கோள்களின் நடையைக் காட்டினான் என்று அவர் பரப்பினாராம். பிறந்த ஆண்மகவு ஒன்றுக்கு நூறாண்டு வாழ்நாள் கணித்து அவர் புகழ் பெற்றார். அம்மகவு அரசன் மகன் என்பர் சிலர். வராகமிகிரரின் மகனே என்பர் வேறு சிலர். ஊரார் அனைவரும் வாழ்த்தச் சென்றும் பத்திரபாகு செல்லவில்லை. காரணம் வினவப்பட்டபொழுதே, மகவு சில நாள்களில் பூனையால் இறக்கும் என்பதை அவர் வெளியிட்டார். பூனைகளெல்லாம் துரத்தப்பட்டன. குறித்த நாளில் கதவின் தாழ்க்கட்டை மகவின்மேல் விழுந்து உயிரைப் போக்கியது. அக்கட்டையில் பூனை உருவம் செதுக்கப்பட்டிருந்தது.

பஞ்சசித்தாந்திகை இயற்றிய வராகமிகிரர் கி.பி. 505-ஐத் தம் கணக்கின் தொடக்கமாகக் கொண்டவர். சுருதகேவலிக்கும் அவருக்கும் இடையே எண்ணூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளி உண்டு. ஆதலின் இதனை வரலாறாகக் கொள்ளுதல் இயலாது. அறம் உணர்த்தும் கதையாகவே கொள்ளுதல் வேண்டும். ஒருவர் புகழுக்காகக் கணித்தார். மற்றவர் கேட்கப்படும்வரை வாய் திறவாதிருந்தார். இறந்தபின் வராகமிகிரர் வியந்தர தேவராகிச் சங்கத்தாருக்கு இடர் செய்தபொழுது, பத்திரபாகு பார்சுவநாதரைப் போற்றி உவசக்கஹரம் என்னும் தோத்திரத்தைப் பாடி அருளினார் என்று கதை முடிகின்றது. பிராகிருதத்தில் ஐந்து பாடல்களால் ஆகிய அத்தோத்திரம் இன்றும் இல்லந்தோறும் ஓதப்படுகின்றது.

பன்னீராண்டுப் பஞ்சம்

பத்திரபாகுவின் வாழ்வில் தலையாய நிகழ்ச்சி உச்சயினியில் நேர்ந்தது. ஒருநாள் அவர் பிச்சைக்காக ஒரு மனைக்குள் புகுந்தார். அங்கே தொட்டிற் குழந்தை ஒன்றன்றி வேறெவரும் இலர். பேசும் பருவம் எய்தாத அக்குழந்தை, அவரை விரைந்து வெளியேறுமாறு கூறிற்று. அந்த நிமித்தத்தால் பன்னிரண்டு ஆண்டுகள் மழையின்றிக் கொடும்பஞ்சம் வரவிருப்பதை உணர்ந்த அவர், அன்று உணவு கொள்ளாமலே திரும்பினார். பிற்கால நூல்கள், சந்திரகுப்த மன்னர் கண்ட பதினாறு கனவுகளுக்கும் அவரே பொருள் உரைத்தார் என்று கூறும். பன்னிரண்டு தலைப் பாம்பு வரவிருக்கும் பஞ்சத்தைக் குறித்தது. சல்லடைபோல் துளைபட்ட நிலவு சங்கத்தில் நேரவிருக்கும் பிளவைக் குறித்தது.

வருவது அறிந்தவர் செய்தது யாது என்பதே இங்குக் கருதத்தக்கது. அரசனிடம் பொருள் பெறவில்லை. பரிகாரம் என்று எதனையும் விதிக்கவில்லை. சங்கத்தைக் கூட்டித் தென்னாடு செல்லுமாறு பணித்தார். துறவியர் இல்லறத்தார் இடும் உணவால் உயிர் வாழ்பவர். பஞ்ச காலத்தில் அவர்கள் பெறும் ஒவ்வொரு கவளமும் பசித்த குழந்தை ஒன்றின் வாயிலிருந்து எடுக்கப்பட்டதாகும். அவ்விடத்திலேயே தங்கின் மக்களுக்கும் துன்பம், நோன்புக்கும் ஊறு. அவருடைய கணிப்பு அச்சுறுத்துவதற்காக எழுந்ததன்று. கடமையைக் காட்டுவதற்காக எழுந்தது.

கடவப்பிரக் குன்று

சிரவணபெளகொளாவின் சந்திரகிரிக் குன்றில் கி.பி. 600 அளவில் பொறிக்கப்பெற்ற வடமொழிக் கல்வெட்டு ஒன்று உள்ளது. அட்டாங்க மகாநிமித்தம் வல்ல பத்திரபாகு சுவாமி உச்சயினியில் பன்னீராண்டு இடரை முன்னறிந்து கூறினார் என்றும், சங்கம் முழுவதும் வடக்கிலிருந்து தெற்கே புறப்பட்டது என்றும் அது தெரிவிக்கின்றது. அக்குன்றின் பழைய பெயர் கடவப்பிரம். தம் இறுதி அணுகியதை உணர்ந்த பத்திரபாகு அங்கேயே தங்கிச் சல்லேகனை நோற்று உயிர் துறந்தார் என்றும், துறவு பூண்ட சந்திரகுப்தர் உடனிருந்து தொண்டு செய்தார் என்றும் கன்னட நாட்டு மரபு கூறும். பத்திரபாகு குகையில் அவர்தம் திருவடிச் சுவடுகள் இன்றும் வணங்கப்படுகின்றன. அரிசேனரோ, அவர் உச்சயினிப் பக்கத்திலேயே உண்ணாநோன்பால் உயிர் நீத்தார் என்பர். சுவாமிகளின் மறைவு வீர நிர்வாணத்திற்கு 162 ஆண்டுகளின் பின் என்பது திகம்பரர் கணக்கு; 170 ஆண்டுகளின் பின் என்பது சுவேதாம்பரர் கணக்கு. நிர்வாணம் கி.மு. 527 எனக் கொண்டால் இவை முறையே கி.மு. 365, 357 ஆகும். மௌரிய சந்திரகுப்தர் அரியணை ஏறியதோ கி.மு. 321 அளவில் என்பர். ஆகவே ஆய்வாளர்க்கு இதில் ஐயம் உண்டு. அடியார்க்கு அக்குன்று புனிதமே.

மறைக்கப்பட்ட நான்கு பூர்வங்கள்

சுவேதாம்பர மரபு வேறொரு காட்சியைக் காட்டும். பஞ்சம் நீங்கியபின் பாடலிபுத்திரத்தில் கூடிய சங்கம் பதினோர் அங்கங்களைத் தொகுத்தது. பன்னிரண்டாவதாகிய திருட்டிவாதத்தை அறிந்தவர் பத்திரபாகு ஒருவரே. அவரோ நேபாளத்தில் பன்னீராண்டு மகாப்பிராண தியானத்தில் இருந்தார். அழைப்பை முதலில் மறுத்த அவரிடம், சங்கத்தின் ஆணையைக் கடப்பவர்க்குரிய தண்டம் யாது என வினவி மீண்டும் ஆள் விடுத்தனர். சங்கத்திலிருந்து நீக்கலே என்று தம் வாயாலேயே தீர்ப்புரைத்த அவர், அத்தீர்ப்புக்குத் தாமும் தலைவணங்கிக் கற்பிக்க இசைந்தார். சென்ற ஐந்நூறு துறவியருள் சோர்வுறாது நிலைத்தவர் ஸ்தூலபத்திரர் ஒருவரே.

அவர் பத்துப் பூர்வங்களை ஓதும் அளவில், துறவு பூண்ட அவருடைய தமக்கை தங்கையர் காண வந்தனர். தாம் பெற்ற ஆற்றலைக் காட்ட விரும்பிய ஸ்தூலபத்திரர் சிங்க வடிவு கொண்டு குகையில் அமர்ந்தார். செய்தி அறிந்த பத்திரபாகு பாடத்தை நிறுத்திவிட்டார். மாணாக்கர் பிழை பொறுக்குமாறு வேண்டினார்; சங்கமும் வேண்டியது. பிறருக்குக் கற்பிக்கலாகாது என்னும் நிபந்தனையோடு மட்டுமே எஞ்சிய நான்கையும் ஓதுவித்தார். அத்துடன் அந்நான்கு பூர்வங்களும் உலகத்திற்கு இல்லாமற்போயின. ஒரு கணக் காட்சிக்கு ஒரு சமயம் கொடுத்த விலை அது.

கல்ப சூத்திரம்

பர்யூஷண நாள்களில் ஓதப்படும் கல்ப சூத்திரம் பத்திரபாகு பெயரால் வழங்குவது. மகாவீரர் வாழ்வில் கருவுறல் முதல் கேவல ஞானம் வரையிலான ஐந்து நிகழ்ச்சிகள் உத்திர நட்சத்திரத்திலும், வீடுபேறு சுவாதியிலும் நிகழ்ந்தன என்று அந்நூல் குறிக்கின்றது. திரிசலை அன்னையின் பதினான்கு கனவுகளுக்குப் பொருள் கூற நிமித்த நூலோர் அழைக்கப்படுகின்றனர். கனவுகள் எழுபத்திரண்டு, அவற்றுள் முப்பது பெருங்கனவுகள் என்று அவர்கள் வகுத்துரைக்கின்றனர். பிறக்கும் மகவு சக்கரவர்த்தியாகலாம், அன்றித் தீர்த்தங்கரராகலாம் என்பதே அவர்களின் முடிவு. நிமித்தம் இரு வழிகளைக் காட்டியது. வழியைத் தேர்ந்தவர் வர்த்தமானரே. வினையின் விளைவை முயற்சியாலும் தவத்தாலும் வெல்லலாம் என்னும் சமணக் கொள்கை இங்குத் துலங்குகின்றது.

பாண்டி நாட்டில்

தெற்கே வந்த சங்கத்தை விசாகாசாரியர் சோழ பாண்டிய நாடுகளுக்கு அழைத்து வந்தார் என்று இராசாவளி கதை கூறும். மதுரையை அடுத்த மாங்குளத்துக் குகையில், நெடுஞ்செழியன் காலத்துத் தமிழி எழுத்துக் கல்வெட்டு, கணி நந்தன் என்னும் துறவிக்குப் பாழி அமைத்த செய்தியைத் தருகின்றது. கணி என்பது துறவியர் கணத்தின் தலைவரைக் குறிக்கும் பட்டம் என்பர் அறிஞர். தமிழிலோ காலம் கணிப்பவர்க்கும் அதுவே பெயர். பிற்காலத்தில் இன்றைய விருதுநகர் மாவட்டத்துக் குறண்டியில் திருக்காட்டாம்பள்ளி என்னும் சமணப் பள்ளி சிறந்து விளங்கியது. அப்பள்ளியின் துறவியர் பெயர்கள் மதுரைச் சமணர் மலைக் கல்வெட்டுகளில் காணப்படுகின்றன. சூலக்கரை வாழ் அன்பர்க்கு அண்மையிலேயே அந்தச் சங்கத்தின் சுவடுகள் உள்ளன.

நாள் பார்த்துத் தொழில் தொடங்குவதும் சாதகம் பார்த்து மணம் முடிப்பதும் இல்லறத்தார் வழக்கம். அவ்வழக்கத்திற்குப் பத்திரபாகு சுவாமிகள் வாழ்வு ஓர் உரைகல் ஆகும். அச்சத்தை விதைத்துப் பொருள் கொள்ளும் கணிப்பு அவர் வழி அன்று. வரும் இடரை உணர்ந்து பிறர்க்குச் சுமையாகாமல் ஒழுகச் செய்வதே அவர் வழி. இரு சாராரையும் ஒரு பெயரால் இணைக்கும் அப்பெரியாரின் திருவடிகளை நினைந்து, அறிந்ததை அறத்திற்கே ஆக்குவோமாக.