சகோதரி சுப்பலட்சுமி

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்துப் பெண்கள் பள்ளிகளுக்கு ஆசிரியைகள் கிடைப்பது அரிதாக இருந்தது. ஆண் ஆசிரியரிடம் மகளை அனுப்பப் பெற்றோர் பலர் தயங்கினர். அதே மாகாணத்தில், விவரம் அறியாத வயதிலேயே கணவனை இழந்த சிறுமியர் வீட்டின் பின்கட்டில் முடங்கிக் கிடந்தனர். பள்ளியின் தேவையையும் அச்சிறுமியரின் துயரத்தையும் ஒருசேரக் கண்டவர் சுப்பலட்சுமி.

1886இல் மயிலாப்பூரில் பிறந்த அவருக்குப் பதினோரு வயதில் மணம் நடந்தது. மிக விரைவிலேயே கணவர் மறைந்தார். கைம்பெண்ணுக்கு அக்காலம் விதித்திருந்த கொடிய வழக்கங்களுக்கு மகளை உட்படுத்த மறுத்த தந்தை சுப்பிரமணிய ஐயர், அவருக்குத் தாமே ஆங்கிலம் கற்பித்துப் பின்னர்ப் பள்ளிக்கும் அனுப்பினார். உறவினரின் ஏச்சுக்கு அக்குடும்பம் செவிசாய்க்கவில்லை. சென்னையில் அரசு மகளிர் கல்லூரி ஏதும் இல்லாத காலம் அது. ஆடவர் நிறைந்திருந்த மாநிலக் கல்லூரியில் பயின்று, 1911இல் சுப்பலட்சுமி பட்டம் பெற்றார்.

அடுத்த ஆண்டே எழும்பூரில் நான்கு இளம் கைம்பெண்களுடன் ஓர் இல்லம் தொடங்கினார். அதன் அடுக்களையையும் அன்றாட நிருவாகத்தையும் ஏற்றவர் அவருடைய சித்தி வாலாம்பாள். அவரும் இளமையில் கணவரை இழந்தவரே. எதிர்ப்படுவதே தீய சகுனம் என்று ஒதுக்கப்பட்ட பெண்கள், அங்கே புத்தகம் ஏந்திப் பள்ளிக்குச் சென்றனர். 1914இல் கடற்கரைச் சாலையில் 37 மாணவியருடன் அரசு மகளிர் கல்லூரி திறக்கப்பட்டது. பின்னாளில் இராணி மேரி கல்லூரி எனப் பெயர் பெற்றது அதுவே. உயர்கல்விக்கு வழி அருகிலேயே திறந்துவிட, இல்லமும் திருவல்லிக்கேணிப் பக்கம் இடம்பெயர்ந்தது. ஒருகாலத்தில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்து வைத்த ஐஸ் ஹவுஸ் கட்டடம் அவர்களது விடுதியாயிற்று.

ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். அவ்வில்லம் பிராமணக் கைம்பெண்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. சமூகத்தின் சினத்தை மேலும் கிளறாமல் காரியத்தை நிறைவேற்ற நினைத்ததன் விளைவு அது எனலாம். ஆயினும் வாயிலுக்கு வெளியே நின்றவர்களுக்கு அது தடையே. விடுதியை அடுத்திருந்த மீனவர் குப்பத்துப் பிள்ளைகளுக்காக அவர் தனியே ஒரு பள்ளி தொடங்கினார்.

1922இல் லேடி வெலிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி உருவானபோது அதன் தலைமை சுப்பலட்சுமியிடம் வந்தது. பயிற்சிக்கென்றே கல்லூரியோடு ஒரு பள்ளியும் இணைந்திருந்தது. நூலில் கற்ற கற்பித்தல் முறையை மாணவியர் அப்பள்ளிப் பிள்ளைகளிடையே செய்து பழகினர். பயிற்சி முடித்து வெளியேறும் பெண்ணின் கையில் சான்றிதழ் இருந்தது. மாதந்தோறும் ஊதியமும் வரப்போகிறது. அண்ணன் வீட்டிலோ மாமனார் வீட்டிலோ ஒருவேளைச் சோற்றுக்காக அவள் இனித் தலைகுனிய வேண்டியதில்லை.

குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்திற்கு ஆதரவாகவும் சுப்பலட்சுமி குரல் கொடுத்தார். மாணவியர் அவரைச் சகோதரி என்றே அழைத்தனர். ஊரும் அவ்வாறே அழைத்தது. 1969 டிசம்பரில் அவர் மறைந்தார். அவர் தலைமையேற்ற கல்லூரி, கடலை நோக்கிய அதே சாலையில் இன்றும் ஆசிரியர்களை உருவாக்கி வருகிறது.