என்ன வேலை என்று கேட்ட டாக்டர்

குழந்தைகளே! காய்ச்சல், இருமல் என்று டாக்டரிடம் போனால் உங்களிடம் என்னவெல்லாம் கேட்பார்? எத்தனை நாளாக இருக்கிறது, நேற்று என்ன சாப்பிட்டாய், நாக்கை நீட்டு, மூச்சை நன்றாக இழுத்து விடு... இப்படித்தானே? உங்கள் அப்பாவோ அம்மாவோ போனால் கூடவே இன்னொரு கேள்வியும் வரும். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்பதுதான் அது. இதில் என்ன பெரிய விஷயம் இருக்கிறது என்று தோன்றுகிறதா? இந்தக் கேள்வியைக் கட்டாயம் கேட்டே ஆக வேண்டும் என்று டாக்டர்களுக்குச் சொல்லிக் கொடுக்க ஒருவர் வேண்டியிருந்தது. அவர்தான் பெர்னார்டினோ ராமாசினி.

இத்தாலியின் வடபகுதியில், மொடேனா நகரத்துக்குப் பக்கத்தில் கார்ப்பி என்று ஒரு சிறிய ஊர் இருக்கிறது. அங்கே 1633-ஆம் ஆண்டு பிறந்தார் ராமாசினி. பார்மா பல்கலைக்கழகத்தில் முதலில் தத்துவமும் பிறகு மருத்துவமும் படித்தார். 1659-ஆம் ஆண்டு டாக்டர் ஆனார். அப்புறம் ரோம் நகரில் கொஞ்ச காலம் பயிற்சி. அதை முடித்துவிட்டுக் கிராமப்புறத்தில் வேலைக்குப் போனார். போன இடத்தில் மலேரியா பிடித்துக்கொண்டது! மலேரியா என்பதே இத்தாலிய மொழிச் சொல்தான், தெரியுமா? கெட்ட காற்று என்று அர்த்தம். கொசுவால் வருகிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது. உடம்பைத் தேற்றிக்கொள்ள ஊர் திரும்பினார் ராமாசினி. 1671-ஆம் ஆண்டு மொடேனா நகரத்துக்குக் குடிபோனார். 1682-ஆம் ஆண்டு அங்கிருந்த பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பேராசிரியர் பதவியும் கிடைத்தது.

பணக்காரர்களுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டு, மாணவர்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டு அவர் நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால் ஒருநாள் அவர் வீட்டிலேயே ஒரு சம்பவம் நடந்தது.

மொடேனா நகரத்தில் வீடுகள் நெருக்கி நெருக்கி இருக்கும். மனிதக் கழிவெல்லாம் குழிகளில் போய்ச் சேரும். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆட்களை இறக்கி அந்தக் குழிகளைச் சுத்தம் செய்வார்கள். ராமாசினியின் வீட்டிலும் அந்த வேலை நடந்தது. குழிக்குள் இறங்கிய ஒரு தொழிலாளி, மூச்சு விடக்கூட நேரமில்லாதவர் போலப் பரபரப்பாக வேலை செய்வதைக் கவனித்தார் ராமாசினி. பாவமாக இருந்தது. ஏனப்பா இவ்வளவு அவசரம், கொஞ்சம் மெதுவாகச் செய்யக்கூடாதா என்று கேட்டார்.

அந்தத் தொழிலாளி கண்களை உயர்த்திப் பார்த்தார். இந்த இடத்தில் நான்கு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் என்ன ஆகும் என்று இறங்கிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும், கண்ணே போய்விடும் என்றார்.

அவர் மேலே ஏறி வந்ததும் ராமாசினி அவர் கண்களைப் பரிசோதித்தார். இரண்டும் சிவந்து, பார்வை மங்கிப்போய் இருந்தன. இதற்கு என்ன வைத்தியம் செய்வீர்கள் என்று கேட்டார். வீட்டுக்குப் போய் இருட்டு அறையில் அடைந்து கிடப்போம், வெதுவெதுப்பான தண்ணீரால் கண்களைக் கழுவுவோம், வேறு வழியில்லை என்று பதில் வந்தது. தொண்டை எரிகிறதா, மூச்சு முட்டுகிறதா, தலை வலிக்கிறதா என்று ராமாசினி விடாமல் கேட்டார். அதெல்லாம் எதுவும் இல்லையாம். கண்கள் மட்டும்தான்!

அதற்குப் பிறகுதான் ராமாசினிக்கு ஒரு விஷயம் கண்ணில் பட்டது. நகரத் தெருக்களில் பார்வை இல்லாமல் பிச்சை எடுத்துக்கொண்டிருந்த சிலர், ஒரு காலத்தில் கழிவுக்குழி சுத்தம் செய்தவர்கள்! அத்தனை நாள் அவர்களைக் கடந்து போன எவருக்கும் அதைக் கேட்கத் தோன்றவில்லை.

இன்னொரு துப்பும் கிடைத்தது. அந்தத் தொழிலாளர்களின் சட்டைப்பையில் இருக்கும் செம்பு, வெள்ளிக் காசுகள் கறுத்துப் போயின. அப்படியென்றால் குழியைக் கிளறும்போது ஏதோ ஓர் ஆவி கிளம்புகிறது, அதுதான் காசையும் கறுப்பாக்குகிறது, கண்ணையும் கெடுக்கிறது என்று ஊகித்தார். துப்பறியும் நிபுணர் போல இல்லை? அந்த ஆவியின் பெயர் அவருக்குத் தெரியாது. இன்று நமக்குத் தெரியும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுதான் அது. அளவு அதிகமானால் கண்ணோடு நிற்காது, உயிரையே பறித்துவிடும். முகத்தில் மெல்லிய விலங்குச் சவ்வைக் கட்டிக்கொண்டு இறங்கலாம் என்று யோசனை சொன்னார் ராமாசினி. சவ்வு வழியாகக் கண் தெரியும், ஆவி உள்ளே போகாது. முகக்கவசம்தான்!

நம் நாட்டில் மனிதர்களைக் கொண்டு கழிவை அகற்றுவதைத் தடை செய்யும் சட்டம் 1993-ஆம் ஆண்டு வந்தது. அதைவிடக் கடுமையான சட்டம் 2013-ஆம் ஆண்டு வந்தது. அதற்குப் பிறகும் சாக்கடைக் குழிக்குள் இறங்கி இறந்தவர்களின் செய்தி பத்திரிகைகளில் வரத்தான் செய்கிறது. ராமாசினி எழுதி வைத்துவிட்டுப் போய் 300 ஆண்டுகள் தாண்டிவிட்டன.

சரி, அன்றைக்கு ராமாசினி என்ன செய்தார்? பட்டறை பட்டறையாக ஏறி இறங்க ஆரம்பித்தார். கொல்லர், குயவர், ரொட்டி சுடுபவர், சலவைத் தொழிலாளி, தையல்காரர், சுமை தூக்குவோர் என்று ஒருவரையும் விடவில்லை. ஒரு பேராசிரியர் இந்த மாதிரி இடங்களுக்கெல்லாம் போவதா என்று முகம் சுளிக்கிற காலம் அது. டாக்டர் ஏழை வீட்டுக்குப் போனால் தங்க முலாம் பூசிய நாற்காலியை எதிர்பார்க்கக்கூடாது, ஒரு முக்காலி கிடைத்தாலும் அதில் உட்கார்ந்து நோயாளியிடம் நிதானமாகப் பேச வேண்டும் என்பது அவர் எண்ணம். நோயாளியிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று பழங்காலக் கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டிஸ் சொல்லி வைத்திருந்தார். அதோடு தொழில் என்ன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார் ராமாசினி.

பார்த்ததையும் கேட்டதையும் தொகுத்து 1700-ஆம் ஆண்டு லத்தீன் மொழியில் ஒரு புத்தகம் வெளியிட்டார். தொழிலாளர்களின் நோய்கள் என்பதுதான் அதன் பொருள். நாற்பதுக்கும் மேற்பட்ட தொழில்கள் அதில் இருந்தன.

குயவர்கள் பாண்டத்துக்குப் பளபளப்பு ஏற்ற ஈயம் கலந்த பூச்சைப் பயன்படுத்தினார்கள். அதனால் முதலில் கை நடுங்கும். பிறகு கை கால் விழுந்துவிடும், பற்களும் போய்விடும். வெனிஸ் நகரத்தில் முகம் பார்க்கும் கண்ணாடி செய்தவர்களுக்குப் பாதரசம் எமனாக இருந்தது. ஊரெல்லாம் அழகு பார்க்கும் கண்ணாடியில், அதைச் செய்கிறவர் தன் நோயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விஷத்தோடு ராமாசினி நிற்கவில்லை என்பதுதான் அவருடைய தனிச்சிறப்பு. உட்காரும் விதமும், நிற்கும் விதமும், திரும்பத் திரும்ப ஒரே அசைவைச் செய்வதும்கூட உடம்பைக் கெடுக்கும் என்றார். தையல்காரர்கள் நாள் முழுக்கக் காலை மடக்கிக் குனிந்தே உட்கார்ந்திருப்பதால் கால் மரத்துப்போகிறது, முதுகு கூன் விழுகிறது. இரவெல்லாம் மாவு பிசைகிற ரொட்டிக்காரர்களின் நுரையீரலில் மாவுத்தூள் போய்ச் சேர்கிறது, கால்களும் வளைந்துபோகின்றன. நின்றுகொண்டே வேலை செய்பவர்களுக்குக் காலில் நரம்பு சுருண்டு புடைக்கிறது, புண் வருகிறது. இவர்களெல்லாம் நடுநடுவே உட்கார வேண்டும், உட்கார்ந்தே இருப்பவர்கள் எழுந்து நடக்க வேண்டும் என்று யோசனை சொன்னார். வேலையை மனித உடம்புக்கு ஏற்றபடி அமைக்கும் இந்த இயலுக்கு இன்று எர்கோனாமிக்ஸ் என்று பெயர். போலந்து நாட்டு அறிஞர் ஒருவர் அந்தப் பெயரைச் சூட்டியது 1857-ஆம் ஆண்டில்தான்!

தீபாவளிக்குத் துணி எடுக்கக் கடைக்குப் போயிருப்பீர்கள். காலை முதல் இரவு வரை நின்றுகொண்டே புடவையைப் பிரித்துக் காட்டும் அக்காக்களைக் கவனித்திருக்கிறீர்களா? அவர்கள் உட்கார இருக்கை போட வேண்டும் என்று தமிழ்நாடு அரசு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது 2021-ஆம் ஆண்டு. ஒரு நாற்காலிக்குச் சட்டமா என்று சிரிக்காதீர்கள். பன்னிரண்டு மணி நேரம் நின்று பார்த்தால் தெரியும்!

ராமாசினியின் வைத்தியம் எல்லாமே சரி என்று நினைத்துவிட வேண்டாம். பேதிக்குக் கொடுப்பது, ரத்தத்தைக் கீறி வெளியேற்றுவது என்று அந்தக் காலத்து முறைகளைத்தான் அவரும் நம்பினார். நோய் எதனால் வருகிறது என்று கண்டுபிடித்ததிலும், வராமல் தடுக்கச் சொன்ன யோசனைகளிலும்தான் அவர் பெருமை இருக்கிறது. வாயை மூடிக்கொள்ளுங்கள், வேலை முடிந்ததும் முகம் கழுவி வாய் கொப்பளியுங்கள், அழுக்குத் துணியை மாற்றுங்கள் என்றார். கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் அதற்குமுன் இவர்களிடம் அதைச் சொல்ல யார் வந்தார்கள்?

ஒரு வழக்கைப் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார். ஃபினாலே என்ற ஊரில், மொடேனாவைச் சேர்ந்த ஒரு வியாபாரி பெரிய ரசாயனப் பட்டறை வைத்திருந்தார். அதன் புகையால் அக்கம்பக்கத்தில் நோயும் சாவும் பெருகுகின்றன என்று ஊர்க்காரர் ஒருவர் வழக்குப் போட்டார். டாக்டரின் சான்றிதழோடு, தேவாலயத்தில் சாவுகளைப் பதிந்து வைத்திருந்த ஏட்டையும் சாட்சியாகக் காட்டினார். பட்டறை இருந்த பகுதியில் சாவு அதிகம் என்று அந்தக் கணக்கு சொன்னது. இருந்தும் தீர்ப்பு வியாபாரி பக்கம்தான் வந்தது! தோற்றுப்போன வழக்குதான். ஆனால் சாவுக் கணக்கை வைத்துக் காரணத்தைத் தேடும் முறையை அந்த ஊர்க்காரர் அப்போதே பிடித்துவிட்டார் பாருங்கள்.

புத்தகம் வந்த அதே 1700-ஆம் ஆண்டு, வெனிஸ் ஆட்சியில் இருந்த புகழ்பெற்ற படுவா பல்கலைக்கழகம் ராமாசினியை அழைத்துக்கொண்டது. அப்போது அவருக்கு வயது 67. வயதாக ஆகக் கண் பார்வை மங்கத் தொடங்கியது. கண் கெட்டவர்களைப் பற்றி எழுதியவருக்கே கண் போனது எவ்வளவு பெரிய சோதனை! ஆனாலும் அவர் பாடம் நடத்துவதையும் நிறுத்தவில்லை, பட்டறைகளை மறக்கவும் இல்லை. 1713-ஆம் ஆண்டு, 80-ஆவது வயதில், இன்னும் 12 தொழில்களைச் சேர்த்துப் புத்தகத்தின் இரண்டாம் பதிப்பைக் கொண்டுவந்தார். அச்சுத் தொழிலாளி, தச்சர், கிணறு வெட்டுபவர், செங்கல் அறுப்பவர், நெசவாளி எல்லாம் இதில்தான் வருகிறார்கள். நாள் முழுக்கச் செம்பைத் தட்டித் தட்டியே காது செவிடாகிப்போன வெனிஸ் நகரத்துச் செம்புக் கொல்லர்களும் வருகிறார்கள்.

எனக்கு இந்தப் பகுதியில் ரொம்பப் பிடித்தவர் பத்திரம் எழுதும் ஒரு எழுத்தர். இம்போசிஷன் எழுதியவர்களுக்கு அவர் கஷ்டம் புரியும்! எழுத்தர்களின் நோய்க்கு மூன்று காரணங்கள் சொல்கிறார் ராமாசினி. ஓயாமல் உட்கார்ந்திருப்பது, கை ஒரே மாதிரி அசைந்துகொண்டே இருப்பது, தப்பு வந்துவிடக்கூடாதே என்று மனம் பதறிக்கொண்டே இருப்பது. இந்த எழுத்தருக்கு முதலில் வலது கை அசந்துபோனது. எந்த மருந்துக்கும் கேட்கவில்லை. கடைசியில் கை விழுந்தே விட்டது. பிழைப்பு என்னாவது? மனிதர் சளைக்கவில்லை. விடாமல் பழகி, இடது கையால் எழுதக் கற்றுக்கொண்டார்! அப்பாடா என்று நினைப்பதற்குள் இடது கையிலும் அதே நோய் தொடங்கிவிட்டது. கம்ப்யூட்டரில் நாள் முழுக்கத் தட்டச்சு செய்பவர்களின் மணிக்கட்டு வலியைப் பற்றிப் பேசும்போது இன்றைய டாக்டர்கள் இந்த எழுத்தரை நினைவுகூர்வது உண்டு.

ராமாசினியின் புத்தகம் 1705-ஆம் ஆண்டிலேயே ஆங்கிலத்தில் வந்துவிட்டது. லண்டனில் பெர்சிவல் பாட் என்ற டாக்டர், புகைபோக்கிக்குள் இறங்கிக் கரி துடைக்கும் வேலைக்குச் சிறுவர்களாகவே போனவர்களுக்குப் பின்னாளில் ஒருவகைப் புற்றுநோய் வருவதை 1775-ஆம் ஆண்டு எடுத்துச் சொன்னார். ராமாசினி போட்ட பாதைதான் அது. தொழிலாளர் நலனை ஆராயும் பல நாட்டு விஞ்ஞானிகள் 1982-ஆம் ஆண்டு தொடங்கிய அமைப்புக்கு ராமாசினியின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

இரண்டாம் பதிப்பு வந்த மறு ஆண்டு, 1714-ஆம் ஆண்டு நவம்பர் 5-ஆம் தேதி, வழக்கம்போல வகுப்பெடுக்கப் புறப்பட்டுக்கொண்டிருந்தார் ராமாசினி. திடீரென்று மூளையில் ரத்த ஓட்டம் பாதிக்கப்பட்டுச் சாய்ந்தார். அன்றே உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 81.