நூலுக்கு வழி கண்டவர்



பாபநாசம் அருவித் தண்ணீரின் பலத்தால் ஓடும்படி, ஹார்வி சகோதரர்கள் 1885-ம் வருஷம் விக்கிரமசிங்கபுரத்தில் பஞ்சு மில் அமைத்ததை நீங்கள் அறிவீர்கள். அந்த மில் சம்பளத்தில் வளர்ந்த குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. இத்தகைய மில்கள் உலகில் பெருகக் காரணமாயிருந்தவர்களுள் ஒருவரான சாமுவேல் கிராம்ப்டனின் ஜீவியத்தை இவ்வாரம் கேளுங்கள்.

அவர் இங்கிலாந்தில் போல்ட்டன் நகருக்கு அருகே 1753 டிசம்பர் 3-ந் தேதி பிறந்தார். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்தார். தாயார் கண்டிப்பானவர், தினமும் இவ்வளவு நூல் நூற்றாக வேண்டுமென்று மகனுக்குக் கணக்கு வைத்திருந்தார். ஹார்கிரீவ்ஸ் என்பவர் உண்டாக்கிய ஜென்னி என்னும் யந்திரத்தில் அவர் நூற்றார். இழை அடிக்கடி அறுந்தது. முடிந்து முடிந்தே பொழுது போயிற்று. அக்காலத்தில் ஆர்க்ரைட் என்பவர் தண்ணீர் விசையால் ஓடும் வேறொரு யந்திரத்தை நடத்தி வந்தார். அதன் நூல் உறுதியானது, ஆனால் மெல்லியதன்று.

இரண்டின் நன்மையையும் ஒன்றாக்க எண்ணிய கிராம்ப்டன், 5 வருஷம் பாடுபட்டார். கருவிகள் வாங்கப் பணமில்லாமல், நாடகக் கொட்டகையில் பிடில் வாசித்துச் சம்பாதித்தார். 1779-ல் யந்திரம் முடிந்தது. உருளைகள் பஞ்சுத் திரியை இழுத்துக் கொடுக்கும். கதிர்கள் பொருத்திய வண்டியொன்று நகர்ந்து அதை நீட்டி முறுக்கும்; திரும்பி வருகையில் நூலைச் சுற்றிக்கொள்ளும். இரண்டு யந்திரங்களின் கலப்பானதால் அதற்கு மியூல், அதாவது கோவேறு கழுதை, என்று பெயர் வந்தது. மஸ்லின் துணிக்கேற்ற மெல்லிய நூலை அது தந்தது.

ஊரார் சன்னல் வழியாய் எட்டிப் பார்க்கத் தொடங்கினர். பேடண்டு உரிமை பெற வசதியற்ற கிராம்ப்டன், பணம் தருவதாகத் துணி முதலாளிகள் கையெழுத்திட்ட காகிதத்தை நம்பி இரகசியத்தை வெளியிட்டார். பலர் கையெழுத்தோடு நின்றுகொண்டனர். அவருக்குக் கிடைத்தது சுமார் 60 பவுனே. 1811-ல் அவரே மில் மில்லாகச் சென்று கணக்கெடுத்தபோது, 40 லட்சத்துக்கு மேற்பட்ட கதிர்கள் அவர் முறையில் ஓடிக்கொண்டிருந்தன! 1812-ல் பார்லிமெண்டு 5,000 பவுன் அளித்தது. அதுவும் வியாபார நஷ்டத்தில் கரைந்தது. 1827 ஜூன் 26-ந் தேதி ஏழையாகவே மரித்தார். 1862-ல் போல்ட்டனில் அவருக்குச் சிலை எழும்பியது.

இங்கே இன்னொரு கணக்கும் உண்டு. இங்கிலாந்தின் மலிவான மில் நூல் நம் தேசத்தில் வந்திறங்கவே, ராட்டையை நம்பியிருந்த எண்ணற்ற ஸ்திரீகள் பிழைப்பை இழந்தார்கள். அங்கே யந்திரம் செய்தவருக்கும் மிஞ்சவில்லை. இங்கே கையால் நூற்றவர்களுக்கும் மிஞ்சவில்லை. லாபம் நடுவில் நின்றவர்களுக்கே போயிற்று.

ஆகையால், பிரியமானவர்களே, மரித்தபின் சிலை வைப்பது எளிது. உயிரோடிருக்கையில் கூலி கொடுப்பதே நீதி. கொத்தனாரோ, தையற்காரரோ, வயலில் நடவு நட்ட பெண்ணோ வேலை முடித்து உங்கள் வாசலில் நின்றால், நாளைக்கு வா என்று திருப்பி அனுப்பாதீர்கள். பேசின கூலியை அன்றைக்கே கையில் கொடுங்கள்.