நாவுக்கரசர் உற்ற சூலை

திருநாவுக்கரசர் கி. பி. 7-ஆம் நூற்றாண்டில் திருமுனைப்பாடி நாட்டுத் திருவாமூரில் தோன்றியவர். பெற்றோர் இட்ட பெயர் மருணீக்கியார். பெற்றோர் மறைந்தனர், தமக்கையார் திலகவதியாருக்கு மணம் பேசப்பெற்ற கலிப்பகையாரும் போரில் மாண்டார். உயிர்விடத் துணிந்த அவ்வம்மையார் தம்பியின் பொருட்டே உயிர் தாங்கினார். அத்தம்பியோ பின்னர்ச் சமணம் புகுந்து, பாடலிபுத்திரத்தில் தருமசேனர் என்னும் பெயருடன் தலைமை பெற்றார். அங்கு அவர் எய்திய புலமை சிறிதன்று.

ஒருநாள் கொடிய சூலை நோய் அவர் குடரைப் பற்றி முறுக்கிற்று. மந்திரங்கள் பயனளிக்கவில்லை. தமக்கையாரை அழைத்துவர ஆள் விடுத்தார். அவர் வர இசையவில்லை. ஆதலின், இரவிலே தாமே நடந்து திருவதிகை சேர்ந்து, அவர் அடிகளில் வீழ்ந்தார். அம்மையார் திருநீறு அளித்து, வீரட்டானத் திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றார்.

அங்கு அவர் பாடிய முதற்பதிகம், நோயைத் தீர்க்குமாறு வேண்டுவதோடு அமையவில்லை. தாம் அறியாது இழைத்த கொடுமைகள் பலவோ எனத் தம் வாழ்வையே ஆராய்கின்றார். குடர் துடிக்கும் வேளையில் பிறரைப் பழியாது தம்மையே நோக்குதல் எளிதோ? சூலை அகன்றது என்பார் சேக்கிழார்.

அதன்பின் முதுமையிலும் உழவாரப்படை ஏந்திக் கோயில் முற்றங்களிற் புல் செதுக்கினார். திருவதிகைக் கோயிலில் அலகிடும் பணியைத் திலகவதியார் முன்னரே செய்துவந்தார்.