விண்மீன்களை வகுத்த குரு: தந்தை ஆஞ்சலோ செக்கி, சே.ச.

விண்மீன்கள் எப்பொருளால் ஆனவை என்பதை மனிதன் ஒருகாலும் அறிய இயலாது என்று பிரெஞ்சு மெய்யியலார் ஆகுஸ்த் கோம்ட் 1835-இல் எழுதினார். முப்பது ஆண்டுகளுக்குள் அதை அறியும் வழியைத் திறந்தவர்களுள் ஒருவர் சேசு சபைக் குரு என்பதை நம்மில் பலர் அறியோம்.

தந்தை செக்கி 1818-இல் இத்தாலியின் ரெஜியோ எமிலியா நகரில் பிறந்தார். 1833-இல் சபையில் சேர்ந்து, 1847-இல் குருப்பட்டம் பெற்றார். மறு ஆண்டே உரோமையில் எழுந்த கலகத்தால் சபையார் வெளியேற நேரிட, இவரும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் தங்கினார். 1849-இல் திரும்பி, உரோமைக் கல்லூரி வானாய்வுக்கூடத்தின் பொறுப்பை ஏற்றார்.

பெரிய தொலைநோக்கிக்கு அசையாத அடித்தளம் வேண்டும். கல்லூரியை ஒட்டிய புனித இஞ்ஞாசியார் ஆலயத்தில் பெரிய குவிமாடம் கட்டத் திட்டமிட்டிருந்தனர். தூண்கள் எழுந்தன, குவிமாடம் எழவில்லை. உள்ளே குவிமாடம் போல ஓவியம் தீட்டி ஆறுதல் அடைந்தார்கள். (கோயில் கட்டிய அனுபவம் உள்ள நமக்கு இது வியப்பாய் இராது!) சுமையின்றி நின்ற அத்தூண்கள் மேல்தான் தந்தை தம் கருவியை நிறுவினார்.

ஒளி முப்பட்டகக் கண்ணாடி வழியே சென்றால் வானவில்லாய் விரியும். அதில் தோன்றும் கோடுகள், ஒளி பிறந்த இடத்திலுள்ள தனிமங்களைக் காட்டிக்கொடுக்கும். தந்தை ஏறத்தாழ 4000 விண்மீன்களை இவ்வாறு ஆராய்ந்து, நான்கு பெரும் வகைகளாகப் பிரித்தார். கரியின் அடையாளம் கொண்ட செந்நிற விண்மீன்களை இனங்கண்டவரும் இவரே.

1864-இல் இங்கிலாந்தின் வில்லியம் ஹக்கின்ஸ், கோள்வடிவ நெபுலா ஒன்றை இம்முறையில் நோக்கினார். வானவில் இல்லை, தனித்தனி ஒளிக்கோடுகளே தெரிந்தன. அது ஒளிரும் வாயு! செக்கியும் அடுத்த ஆண்டு ஓரியன் நெபுலாவில் அவ்வகைக் கோடுகளைக் கண்டார். அவற்றுள் புதிராயிருந்த பச்சைக் கோடு ஆக்சிஜனுடையது என்று 1927-இல்தான் விளங்கியது. இருபது இலட்சம் ஒளியாண்டுக்கு அப்பாலுள்ள ஆந்திரோமெடா மண்டலத்தின் கோள்வடிவ நெபுலாக்களையும் இன்று அந்தப் பச்சைக் கோட்டைக் கொண்டே கண்டெடுக்கிறார்கள்; பிற கோடுகளையும் சேர்த்து அளந்து, அங்கே ஆக்சிஜன் எவ்வளவு என்று கணிக்கிறார்கள்.

1870-இல் இத்தாலியப் படை உரோமையைக் கைப்பற்றியது. 1873-இல் கல்லூரி அரசுடைமையாயிற்று. தந்தை பணியவில்லை. அவரது புகழுக்கு அஞ்சிய அரசு, வானாய்வுக்கூடத்தில் மட்டும் அவரை இருக்க விட்டது. திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் மறைந்த பத்தொன்பதாம் நாள், 1878 பிப்ரவரி 26 அன்று, தந்தை இறைவனடி சேர்ந்தார். மறு ஆண்டு கூடமும் அரசின் கைக்குப் போயிற்று.